வாட்ஸாப் பிரிண்டை மார்க் செய்ய ஆட்சேபணை: எந்தச் சான்றிதழ் போடுவது?

கேள்வி

கடன் வசூல் வழக்கு, அசல் 3,50,000 ரூபாய். புரோநோட்டு இல்லை. பணம் நெஃப்ட்டில் போயிருக்கிறது. வட்டி, தவணைப் பேச்சு முழுக்க வாட்ஸாப்பில். பிராதோடு 14 பக்க ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் தாக்கல் செய்தாயிற்று. வா.சா.1 (வாதித் தரப்பு முதல் சாட்சி, அதாவது வாதி) முதல் விசாரணையில் அதைச் சான்றாவணமாக மார்க் செய்யும்போது, சான்றிதழ் இல்லை என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்துவிட்டது. புதுச் சாட்சியச் சட்டச் சான்றிதழ்ப் படிவத்தின் இரண்டாம் பகுதிக்கு நிபுணர் கையெழுத்து வேண்டுமாம். யாரிடம் வாங்குவது? பேங்க் ஸ்டேட்மென்ட் இருப்பதால் வாட்ஸாப்பை விட்டுவிடலாமா?

பதில் 1

விடாதீர்கள். ஸ்டேட்மென்ட் பணம் போனதை மட்டும்தான் காட்டும், அது கடன் என்று காட்டாது. எதிருரையில் என்ன சொல்லியிருக்கிறார்? ‘வாதி எனக்குத் தர வேண்டிய பழைய பாக்கியைத்தான் அனுப்பினார்’ என்றால், கடன் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல்தான். அதற்கு இருப்பது அந்த வாட்ஸாப் பேச்சு ஒன்றுதான்.

ஸ்டேட்மென்ட்டையும் பாருங்கள். நெட்பேங்கிங்கில் எடுத்த வெறும் பிரிண்ட் என்றால் அதற்கும் ஆட்சேபணை வரும். 1891-ஆம் ஆண்டு வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம் 2ஏ பிரிவுச் சான்றோடு கிளையில் கேட்டு வாங்குங்கள்.

பதில் 2

நிபுணரைத் தேடும் முன் ஒன்று சொல்லுங்கள்: வழக்கு எப்போது தாக்கலானது?

கேட்டவர்

2024 பிப்ரவரி, சார். எதிருரையில் அதே பழைய பாக்கிக் கதைதான்.

பதில் 2

அப்படியானால் நிபுணரே வேண்டாம். புதுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1. அன்று நிலுவையில் இருந்த வழக்குகள் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டப்படியே நடக்கும் என்று அதன் 170-ஆவது பிரிவே சொல்கிறது. உங்களுக்கு அந்தப் பழைய சட்டத்தின் 65பி(4) பிரிவில் மின்னணு ஆவணத்துக்குத் தரும் சான்றிதழ் போதும். ஹாஷ் எண் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்), இரண்டாம் பகுதி எல்லாம் புதிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின் தேவைகள்.

போன் வாதியுடையது என்பதால் அவரே கையெழுத்திடலாம். எழுத வேண்டியவை: போனின் தயாரிப்பு, மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், அவர் வழக்கமாகப் பயன்படுத்திய போன் என்பது, அந்தக் காலத்தில் அது சரியாக இயங்கியது என்பது, ஸ்கிரீன்ஷாட் எந்தத் தேதியில் எடுத்து, எந்தக் கணினிக்கு மாற்றி, எந்த பிரிண்டரில் அச்சிட்டது என்பது. இந்தக் கடைசி விவரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரவுசிங் சென்டரில் அச்சிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

வாதி கூண்டில் ஏறி அந்த போனையே காட்டி, தன்னுடையது என்று சாட்சி சொன்னால் சான்றிதழே தேவையில்லை (உச்ச நீதிமன்றத்தின் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் தீர்ப்பு, 2020). ஆனால் போனை மாதக்கணக்கில் கோர்ட்டில் விட்டுவைக்க நேரலாம். சான்றிதழே சுலபம்.

பதில் 3

மார்க் ஆனாலும், ‘அந்த நம்பர் என்னுடையதல்ல’ என்று குறுக்கு விசாரணையில் வரும். ஸ்கிரீன்ஷாட்டின் மேலே தெரிவது வாதி சேமித்து வைத்த பெயர். அது யாருடைய நம்பர் என்று நிரூபிக்காது. நம்பர் தெரியும் காண்டாக்ட் பக்கத்தையும் படமெடுத்து அதே சான்றிதழில் சேருங்கள். பதில் நோட்டீஸிலோ வேறு கடிதத்திலோ அவரே அந்த நம்பரைக் கொடுத்திருக்கிறாரா என்று தேடுங்கள். இல்லையென்றால் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் (உ.வி.மு.ச.) கட்டளை 12 விதி 4-இல், நம்பர் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ் கொடுங்கள். 6 நாளில் ஒப்புக்கொள்ளாவிட்டால், அதை நிரூபிக்கும் செலவு பொதுவாக அவர் தலையில்.

14 பக்கமும் தேதி விடாமல் தொடர்கிறதா? நடுவில் ஒரு நாள் விடுபட்டிருந்தால் ‘வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்தார்’ என்பார்கள். வாதி நீக்கிய மெசேஜ் இருந்தால் அந்த இடத்தையும் அப்படியே காட்டுங்கள்.

கேட்டவர்

இன்னொரு சிக்கல். பழைய போன் உடைந்துவிட்டது. பேக்கப்பைப் புதுப் போனில் ஏற்றி எடுத்த ஸ்கிரீன்ஷாட் இது. சான்றிதழில் பழைய போனின் விவரத்தைப் போடலாமா?

பதில் 2

அதை மட்டும் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டின் தேதியும் போன் வாங்கிய பில்லும் இடித்தால் குறுக்கில் சாட்சியே சரிந்துவிடும். இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் எழுதி, எந்தத் தேதியில் எந்தக் கணக்கின் பேக்கப்பிலிருந்து ஏற்றினார் என்று சொல்லுங்கள். போனைக் காட்டும் வழியையும் மறந்துவிடுங்கள். கையில் இருப்பது பேச்சு நடந்த போன் அல்ல.

சான்றிதழை உ.வி.மு.ச. கட்டளை 7 விதி 14(3)-இல் மனுப் போட்டு, வா.சா.1 விசாரணை முடியும் முன் உள்ளே கொண்டுவாருங்கள். முடிந்துவிட்டால் வழக்கை ரீ-ஓப்பன் செய்ய ஒரு மனு, சாட்சியை மீண்டும் அழைக்க ஒரு மனு. அதற்குக் கே.கே. வேலுசாமி எதிர் என். பழனிசாமி (2011) என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அங்கே சிக்கலே உரையாடல் பதிவான ஒரு குறுந்தகடுதான்.