ஒரே ஃபோல்டர் சர்வர்ல ரெண்டா நிக்குது

தக்கலை ஸ்டுடியோ:
அண்ணன்மாரே, எனக்க பழைய மேக்ல இருந்தும் கடை விண்டோஸ்ல இருந்தும் ஒரே லினக்ஸ் சர்வருக்குத்தான் ஆர்சிங்க் (ஃபைல் காப்பி பண்ணுற புரோகிராம்) வச்சு கல்யாண போட்டோ ஏத்துறோம், 'கொல்லங்கோடு', 'தோவாளை' ஃபோல்டர் மட்டும் ரெண்டு ரெண்டா கெடக்கு, 'குளச்சல்' சரியா இருக்கு. என்ன செய்ய?

குழித்துறைக்காரன்:
'கொ', 'தோ' தான் விஷயம் மக்கா. யூனிகோட்ல (கம்ப்யூட்டர் எழுத்துக்கு நம்பர் குடுக்குற முறை) அத ஒரே குறியாவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனியாவும் வைக்கலாம். பழைய மேக்க டிஸ்க் பிரிச்சு வைக்கும், விண்டோஸ்ல சேந்தே வரும், லினக்ஸுக்கு பைட் மாறினா வேற பேரு. ஆர்சிங்க் 3ல பேரோட எழுத்து முறைய மாத்திக் குடுக்குற ஐகான்வ் ஆப்ஷன் உண்டு, மேக் பக்கம் யூடிஎஃப்-8-மேக், சர்வர் பக்கம் யூடிஎஃப்-8ன்னு குடு.

நாகர்கோவில் நெட்:
மேக்கோட வந்த ஆர்சிங்க் 2.6.9ன்னா அந்த ஆப்ஷனே இருக்காது, புதுசு போடணும். அனுப்புற பக்கம் இல்லாதத சர்வர்ல அழிக்குற டெலீட் ஆப்ஷன் மட்டும் இப்ப தொடாதீங்க, முதல்ல ட்ரை ரன் (ஒண்ணும் மாத்தாம என்ன நடக்கும்னு மட்டும் காட்டுறது) பாருங்க, அடுத்தவங்க கல்யாண போட்டோ போனா திரும்ப வராது.

தக்கலை ஸ்டுடியோ:
3 போட்டாச்சு, ட்ரை ரன்ல 'தோவாளை' ரெண்டா இல்லாம ஒண்ணாத்தான் காட்டுது. ரொம்ப நன்றி அண்ணே.