திப்புவின் யானைக் காசில் ஆண்டு 1802 என்று வருகிறதே, எங்கே தப்பு?

கோபிக்காரன்:
வணக்கம். எங்கள் அம்மிச்சியின் சுருக்குப் பையில் இரண்டு செப்புக் காசுகள் கிடைத்தன. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்து. திப்பு சுல்தான் காலத்துக் காசு என்று அம்மிச்சி சொல்வார்.

ஒரு காசில் யானைக்கு மேலே நான்கு எண்கள் இருக்கின்றன. அரபு எண்களின் அட்டவணையை வைத்து இடமிருந்து வலமாகப் படித்தேன். 8, 1, 2, 1 என்று வந்தது. 8121 எப்படி ஆண்டாக இருக்கும்? சரி, காசைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் போல என்று திருப்பினேன். இப்போது 1217 வந்தது. அதை ஹிஜ்ரி ஆண்டு, அதாவது சூரிய ஆண்டைவிடக் குறுகிய இஸ்லாமியச் சந்திர ஆண்டு என்று எடுத்துக்கொண்டு, நூற்றுக்கு மூன்று வீதம் 37 கழித்து 622 கூட்டினேன். விடை 1802. ஆனால் திப்பு இறந்தது 1799 மே 4. அப்படியானால் இது போலியா? புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெளியுமா?

பழையதுட்டு:
தம்பி, புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். செம்பின் மேல் இருநூறு வருடமாகப் படிந்த அந்தக் கரும்பழுப்புதான் காசுக்குக் காப்பு. அது போனால் திரும்ப வராது. இருட்டறையில் காசை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். எழுத்தின் நிழல் விழும், அதுவே போதும். அப்புறம் நகைக்கடையில் எடை போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி. 1217 என்று படித்தபோது யானை எப்படி நின்றது?

கோபிக்காரன்:
நன்றி ஐயா. இப்போதுதான் பார்த்தேன். கால்கள் மேலே, முதுகு கீழே. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் யானையைக் கவனிக்கவில்லை.

பாரசீகம்படிப்பவள்:
அங்கேதான் முதல் தப்பு. அரபு எண்களில் 7 என்பது ஆங்கில வி எழுத்து போல இருக்கும். அதைக் கவிழ்த்து வைத்தால் 8. காசைத் திருப்பியதும் உங்கள் 8 தானாகவே 7 ஆகிவிட்டது. 1 வெறும் செங்குத்துக் கோடு, அதற்குத் தலைகீழ் கிடையாது. 2 மட்டும்தான் காட்டிக்கொடுத்திருக்கும். அதன் கொக்கி எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும். நீங்கள் பிடித்தபோது கொக்கி அடியில் தொங்கியிருக்கும், பாருங்கள்.

யானையை நேராக நிற்க வையுங்கள். நீங்கள் முதலில் படித்த 8, 1, 2, 1 சரிதான். படித்த திசைதான் தவறு. அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும், எண்களை இடமிருந்துதான் எழுதுவார்கள். முகலாயர் காசு, ஹைதராபாத் நிஜாம் காசு எல்லாம் அப்படித்தான். திப்புவும் ஆட்சிக்கு வந்த 1197 முதல் 1200 வரை ஹிஜ்ரி ஆண்டை அப்படியே பொறித்தார். அதன் பிறகு நபிகள் பிறப்பிலிருந்து எண்ணும் மவுலூதி ஆண்டுக்கு மாறினார். அந்த ஆண்டை வலமிருந்து இடமாக எழுதச் சொன்னார். காசில் ஆண்டு 1200இலிருந்து நேராக 1215க்குத் தாவும். சேகரிப்பவர்கள் பலரும் முதல்முறை இங்கேதான் இடறுவார்கள்.

உங்கள் காசை வலமிருந்து படித்தால் 1218. மவுலூதி ஆண்டு சூரிய ஆண்டோடு ஒத்துப்போவதால் நூற்றுக்கு மூன்று கழிக்கும் வேலை இல்லை. 572 கூட்டினால் போதும். 1790, அது 1791 தொடக்கம் வரை நீளும்.

பழையதுட்டு:
1790 செப்டம்பரில் சத்தியமங்கலத்தில் திப்புவின் படையும் கும்பினிப் படையும் (கிழக்கிந்தியக் கம்பெனிப் படை) மோதின. உங்கள் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கூப்பிடு தூரம். சத்தியமங்கலத்துக்கு சலாமாபாத் என்று திப்பு பெயர் வைத்து அங்கே காசு அடிக்கும் ஓர் அக்கசாலையும் நடத்தினார். உங்கள் ஊர்ப்பக்கம் இந்தக் காசு கிடைப்பது அதிசயமே இல்லை. இந்தச் செப்புப் பைசாவுக்கு ஜொஹ்ரா, அதாவது வெள்ளிக்கோள் என்று பெயரிட்டார். எடை 11 கிராமை ஒட்டி இருக்க வேண்டும்.

இனி காசு பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்: யானை நேராக நிற்க, வலக் கோடியில் 1, அதற்கு இடப்பக்கம் 2 இருந்தால் மவுலூதி ஆண்டு. 1215 முதல் 1227 வரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கோபிக்காரன்:
நகைக்கடையில் எடை போட்டேன், 11.2 கிராம். தலைகீழ் 2இன் கொக்கியையும் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னதே சரி.

இரண்டாவது காசில் யானை நேராக நிற்கும்போது இடமிருந்து ஒரு புள்ளி, 2, 2, 1. புள்ளி பூஜ்ஜியமா, களிம்பா?

பாரசீகம்படிப்பவள்:
அரபு எண்களில் பூஜ்ஜியம் புள்ளிதான். சிறு வட்டம் இருந்தால் அது 5, அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துவிடாதீர்கள். காசைக் கொதித்து வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, பல்குத்தும் மரக்குச்சியால் புள்ளியை மெதுவாக நெருடிப் பாருங்கள். களிம்பு உதிரும். அச்சில் எழுந்த புள்ளி அசையாது.

கோபிக்காரன்:
ஊறவைத்துப் பார்த்தேன். சுற்றியிருந்த பச்சை உதிர்ந்தது, புள்ளி எள் அளவுக்குப் புடைத்து அப்படியே நிற்கிறது. வலமிருந்து 1220. 572 கூட்டினால் 1792. சரிதானே அக்கா?

பாரசீகம்படிப்பவள்:
சரி. ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை நடந்த ஆண்டு. திண்டுக்கல்லும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) திப்புவின் கையைவிட்டுப் போயின, உங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் 1799 வரை அவரிடமே இருந்தது. இரண்டு காசையும் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனித் தாள் உறையில் வையுங்கள்.