மாடி வீட்டுக்கு ஃபைபரா, ஏர்ஃபைபரா? எத்தனை எம்பிபிஎஸ் போதும்?

சூலூர்வாசி: வணக்கம். சூலூரில் புது வாடகை வீடு, மாடி போர்ஷன். எனக்கு நாள் முழுக்க விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வழி), வீடியோ கால். சாயந்திரம் பையனுக்கு ஆன்லைன் டியூஷன். தெருக் கேபிள்காரர் பிஎஸ்என்எல் ஃபைபர் இழுத்துத் தருகிறேன் என்கிறார். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் இங்கே ஏர்ஃபைபர்தான் (கம்பி இழுக்காமல் டவர் சிக்னலில் வரும் நெட்) கிடைக்குமாம். பழைய வீட்டில் 100 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு) பிளான் போட்டும் படுக்கையறையில் 30 தாண்டவில்லை. அதனால் இந்தத் தடவை 300 போடலாமா?

கம்பியாள்: அவசரப்படாதீர்கள். பழைய வீட்டில் லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டிப் பார்த்தீர்களா? ரவுட்டர் எங்கே இருந்தது?

சூலூர்வாசி: கேபிளில் 94 வந்தது. ரவுட்டர் ஹாலில், டிவிக்குப் பின்னால். வைஃபை பெயர் ஒன்றே ஒன்றுதான் காட்டும்.

கம்பியாள்: அப்படியென்றால் லைன் சுத்தம். பெயர் ஒன்றுதான் காட்டியது என்பதால், அது வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ரவுட்டராக இருந்திருக்கும். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் முட்டி மோதும்போது சுவர் தாண்டி 30 வந்ததே பெரிது. 300 போட்டிருந்தாலும் அதே 30தான். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஓடும் டூயல் பேண்ட் ரவுட்டர் கேட்டு வாங்கி, வேலை பார்க்கும் அறையிலேயே வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டத் திணறும்.

மாதபில்: வீடியோ கால் ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் தாராளம், 4கே படத்துக்கு 25. உங்களுக்கு 100 போதும். விளம்பர விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். 699 என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது 825. இன்னொன்று, ஏர்ஃபைபரில் பெரும்பாலும் மாதம் 1,000 ஜிபி டேட்டாதான், அதைத் தாண்டினால் வேகம் படுத்துவிடும். ஃபைபரில் பொதுவாக 3,300.

கீழவீதி: நான் கம்பெனி பெயரைப் பார்க்கவே மாட்டேன். பிஎஸ்என்எல் ஃபைபரை ஊர்களில் பெரும்பாலும் உள்ளூர் பார்ட்னர்தான் நடத்துகிறார். லாரி உரசிக் கம்பி அறுந்து, ஓஎன்டியில் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஏணியோடு வரப்போவதும் அவர் ஆள்தான். கீழ்வீட்டில் கேளுங்கள்: போன தடவை அறுந்தபோது எத்தனை நாளில் வந்தார்கள்? நல்ல பதில் வந்தாலும் வருஷ சந்தா கட்டாதீர்கள், முதலில் மாதாமாதம் போதும். ஏர்ஃபைபருக்கு மொட்டைமாடியில் பெட்டி வைக்க வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும்.

சூலூர்வாசி: கேட்டேன். மழைக்காலத்தில்கூட மறுநாளே வந்துவிடுவாராம். 100 ஃபைபரே போடுகிறேன், மாதக் கணக்கில். கரண்ட் போனால்?

கம்பியாள்: ஃபைபர் இழைக்குக் கரண்ட் வேண்டாம். கேபிள்காரர் பக்கம் பேக்கப் இருந்து, உங்கள் பெட்டியும் உயிரோடு இருந்தால் நெட் ஓடும். மினி யூபிஎஸ் (ரவுட்டருக்கான சின்ன பேட்டரிப் பெட்டி) ஒன்று வாங்குங்கள். உங்கள் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று முதலில் பாருங்கள். ஓஎன்டியும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டி என்றால் இரண்டையும் அதில் மாட்ட வேண்டும்.