ரேக்: அலமாரியா, பரணா?

> ‘ரேக்’ என்பதற்கு ‘அடுக்கு அலமாரி’ போதுமே.

ஐயா, வணக்கம். போதாது என்றே எனக்குப் படுகிறது. அலமாரி என்றதும் பலகையும் கதவும் கண்முன் வந்து நிற்கின்றன. கிடங்கில் இருக்கும் ரேக்குக்குக் கதவு கிடையாது, பெரும்பாலும் பலகையும் கிடையாது. துளையிட்ட இரும்புக் கால்கள், அவற்றில் கொக்கி போட்டு மாட்டிய விட்டங்கள், அவ்வளவுதான். சரக்கேற்றிய பேலட், அதாவது சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டு, முன்விட்டத்திலும் பின்விட்டத்திலும் தாங்கி உட்கார்ந்துகொள்ளும்.

கால் நட்டு, குறுக்கே கழி கட்டி, உயரத்தில் பாரம் தாங்குவதற்கு நம்மிடம் ‘பரண்’ இருக்கிறது. தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கட்டிய காவல்மேடையான இதணமும் அந்த அமைப்புதான். பரணில் போட்டது திரும்பி வராது என்று கேலி செய்வீர்கள். கிடங்குக்காரர்களும் அதை மறுக்கமாட்டார்கள்.

சின்னச் சொல் என்பதால் வினைத்தொகைக்கும் நன்றாக வளைகிறது. பேலட்டைத் தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்ட் உள்ளேயே புகுந்து அடுக்குவது நுழைபரண். போன வழியாகவே திரும்ப வேண்டும் என்பதால் கடைசியில் வைத்ததுதான் முதலில் வெளிவரும். காலாவதித் தேதி உள்ள மருந்தை அங்கே வைத்தால் பழைய பெட்டி பின்கோடியிலேயே கிடந்து வீணாகும். அதற்கு, உருளைகள் பதித்த சரிவில் பின்புறம் ஏற்றி முன்புறம் எடுக்கும் உருள்பரண்தான் சரி. குழாய், நீண்ட மரச்சட்டம் போன்றவற்றுக்கு முன்கால் இடைஞ்சல். பின்காலிலிருந்து கை நீட்டித் தாங்குவதைக் கைப்பரண் என்பேன். எந்தப் பேலட்டையும் நேரே எடுக்கக்கூடிய வழக்கமான வகைக்கு அடைமொழி எதற்கு? வெறும் பரண்.

எனக்கு உண்மையில் கவலை தருவது எவ்வளவு ஏற்றலாம் என்று பரணில் மாட்டும் அறிவிப்புப் பலகையில் எழுதும் சொல்தான். ‘தாங்குதிறன் 2000 கிலோ’ என்று மொட்டையாக எழுதினால், அது ஒரு ஜோடி விட்டங்களுக்கா, இரண்டு கால்சட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதி முழுவதற்குமா என்று ஏற்றுகிறவருக்குத் தெரியாது. இரண்டும் வேறு வேறு. அடிவிட்டத்தைக் கழற்றி மேலே மாட்டினால் விட்டத்தின் திறன் அப்படியே இருக்கும், காலின் திறன் குறைந்துவிடும். பாலத்தில் இரண்டு தூண்களின் இடைவெளியைக் ‘கண்’ என்கிறோமே, இங்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்:

அடுக்குச் சுமை 2000 கிலோ
கண் சுமை 6000 கிலோ

இப்படி இருந்தால், நான்கு அடுக்கு இருக்கிறதே என்று 8000 கிலோவை யாரும் ஏற்றமாட்டார்கள். ‘கண்’ வேண்டாம் என்பவர்கள் இதைவிடச் சின்னதாக ஒன்று சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். பேலட் மட்டும் பேலட்டாகவே இருக்கட்டும்.