சர்வே கணக்கில் நிகழ்தகவுகளைக் கூட்டினால் 1.1 வருகிறது, எங்கே தப்பு?

கேட்பவர் (ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மா):
பட்டறி நிகழ்தகவுக்கு (நேரில் எண்ணிப் பார்த்துக் கணக்கிடும் வாய்ப்பு) மகள் ஒரு செயல்திட்டம் செய்கிறாள். "பள்ளிக்கு எதில் வருகிறாய்?" என்று வகுப்பில் 40 பேருக்குச் சீட்டு கொடுத்து டிக் போடச் சொன்னாள். நடை 12, சைக்கிள் 9, பஸ் 17, ஷேர் ஆட்டோ 6. ஒவ்வொன்றையும் 40-ஆல் வகுத்தோம்: 0.3, 0.225, 0.425, 0.15. கூட்டினால் 1.1! மொத்த டிக் 44 என்று பார்த்துவிட்டு அவள் 44-ஆல் வகுத்துவிட்டாள். இப்போது கச்சிதமாக 1 வருகிறது. எனக்குத்தான் ஏதோ இடிக்கிறது. நாளை மறுநாள் கொடுக்க வேண்டும்.

டியூஷன் வாத்தியார்:
இடிப்பது சரிதான்ம்மா. 44-ஆல் வகுத்தால் கூட்டுத்தொகை 1 வரும், ஆனால் கேள்வியே மாறிவிடும். 17/44 என்றால், டிக்குகளில் ஒன்றை எடுத்தால் அது பஸ்ஸாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அர்த்தம். பஸ் ஏறுவது டிக் இல்லையே, பிள்ளைதானே! பின்னத்தின் கீழே, பதில் சொன்ன ஆட்களின் எண்ணிக்கைதான் வரவேண்டும். சீட்டுகளை மறுபடி எண்ணுங்கள். வெற்றுச் சீட்டு இருக்கிறதா, இரண்டு டிக் போட்டவர்கள் எத்தனை பேர்?

கேட்பவர்:
இரண்டு வெற்றுச் சீட்டு இருந்தது சார், கவனிக்கவே இல்லை. மீதி 38. அதில் ஆறு பேர் இரண்டு டிக். ஐந்து பேர் நடையும் பஸ்ஸும், ஒருத்தி சைக்கிளும் பஸ்ஸும். ஒரு பையன் ஓரத்தில் "பஸ் வந்தா பஸ், வராட்டி நடை" என்று எழுதியிருக்கிறான்.

டியூஷன் வாத்தியார்:
அந்தப் பையன் சீட்டிலேயே விஷயம் இருக்கிறது. இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் இல்லை, அதாவது ஒரே பிள்ளைக்கு இரண்டும் பொருந்தலாம், அதனால் கூட்டுத்தொகை 1 ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. பஸ் 17/38, சுமார் 0.447. கூட்டுத்தொகை 1 வந்தே தீரவேண்டும் என்றால் இப்படிப் பிரியுங்கள்: நடை மட்டும் 7, சைக்கிள் மட்டும் 8, பஸ் மட்டும் 11, ஆட்டோ 6, நடையும் பஸ்ஸும் 5, சைக்கிளும் பஸ்ஸும் 1. மொத்தம் 38.

"நடை அல்லது பஸ்" என்று கேட்டால் 12 + 17 = 29 என்று எழுதிவிட வேண்டாம். ஐந்து பேரை இரண்டு முறை எண்ணியிருப்போம். 24/38. வெற்றுச் சீட்டு இரண்டையும் விட்டுவிட்டதாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

புள்ளியியல் மாணவன்:
அக்கா, இதை வைத்து "பள்ளியில் 600 பேர் என்றால் 268 பேர் பஸ்ஸில் வருவார்கள்" என்று முடிவுரையில் எழுதிவிடப் போகிறாள், பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியா? பிளஸ் ஒன்னில் இலவச சைக்கிள் கொடுத்ததும் பாதிப் பேர் பஸ்ஸை விட்டுவிடுவார்கள், எங்கள் வகுப்பில் அப்படித்தான். அப்புறம் 38 பேர் என்பது சின்னக் கூட்டம். கெர்ரிச் என்ற கணிதவியலாளர் இரண்டாம் உலகப்போரில் டென்மார்க்கில் காவலில் இருந்தபோது நாணயத்தை 10,000 முறை சுண்டினார், தலை 5,067. அவ்வளவு சுண்டியதால்தான் 0.5-ஐ ஒட்டி வந்தது.

கேட்பவர்:
268 ஏற்கெனவே எழுதிவிட்டாள் தம்பி! அழித்துவிட்டு "எங்கள் வகுப்புக்கு மட்டும்" என்று மாற்றுகிறோம்.