அக்கா கை வலி, இன்சூரன்ஸ்காரங்க ஆஃபர், சனிக்கிழமைக்குள்ள சொல்லோணும் (அவசரம்)

குமாரு_அவிநாசி:
வணக்கமுங்க. அக்காளுக்கு ஆக்சிடென்ட்ல மணிக்கட்டு ஒடஞ்சு பிளேட் வெச்சாங்க, எலும்பு நல்லா கூடிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு ஆனா வலி மட்டும் போகவே மாட்டேங்குது, நெருப்பு வெச்சாப்ல எரியுதுங்குது, துப்பட்டா பட்டாக்கூட கையை வெடுக்குன்னு இழுத்துக்குது. மெடிக்கல் போர்டுல ஊனம் 12 பர்சென்ட் தான்னு போட்டாங்க. 1,75,000 தர்றேங்கறாங்க. வாங்கிக்கலாமா வேண்டாமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

மதுரைக்காரன்82:
யாரு தர்றேங்குறாய்ங்க? கேஸ் போட்டாச்சா இல்லையா? அக்கா வண்டி ஓட்டுனாங்களா, பின்னாடி உக்காந்து போனாங்களா, நடந்து போனாங்களா? எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சா? ஒண்ணுமே சொல்லாம வாங்கவா வேணாமான்னா என்னத்த சொல்ல.

செக்‌ஷன்_சாமி:
தம்பி, கேள்வி கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. தேதி இல்ல, ஊர் இல்ல, எந்தப் பிரிவுல மனுன்னு இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 166(3) எடுத்துப் படிங்க, 2022 ஏப்ரல் 1-லேர்ந்து விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போட்டாகணும். அது தாண்டியிருந்தா 1,75,000-ஐ கும்பிட்டு வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. இதை நான் இங்க எத்தனை பேருக்குத் தான் சொல்றது.

மூலிகை_முத்து:
கேஸ் கெடக்கட்டும். உள்ள பிளேட் இருக்கற வரைக்கும் வலி போகாது, இரும்பு சூட்டைக் கிளப்பும். முதல்ல அதை எடுக்கச் சொல்லுங்க, அப்புறம் முறிவெண்ணெய் தடவி ஒரு மண்டலம் கட்டுப் போடுங்க. எங்க மாமாவுக்கு அப்படித் தான் சரியாச்சு.

குமாரு_அவிநாசி:
கேஸ் மூணு மாசத்துலயே போட்டாச்சுங்க சாமி அண்ணா. அக்கா ஸ்கூட்டர்ல நேரா போயிட்டிருந்துச்சு, கார்க்காரன் சந்துக்குள்ள இருந்து வந்து அடிச்சான். எஃப்ஐஆர், சார்ஜ் ஷீட் எல்லாம் அவன் மேல தான். சனிக்கிழமை லோக் அதாலத்துங்க, ரெண்டு பக்கமும் பேசி சமரசமா முடிக்கற கோர்ட்டு. வக்கீல் முடிச்சுக்கலாம்ங்கறாரு.

பழைய_கிளெய்ம்ஸ்:
இதை முதல்லயே சொல்லிருக்கலாமே. நான் இன்சூரன்ஸ்ல மூணாம் நபர் கிளெய்ம் பாத்து ரிட்டையர் ஆனவன், மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன்னு வெச்சுக்கங்க. ஒண்ணு மட்டும் இப்பவே மனசுல வைங்க: லோக் அதாலத்துல சம்மதிச்சு கையெழுத்துப் போட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது. ஒத்து வரலைன்னா கேஸ் பழையபடி கோர்ட்டுக்கே திரும்பிடும், அதனால உங்களுக்கு ஒண்ணும் கெட்டுப் போகாது. யாரும் மெரட்டினா நம்பாதீங்க.
இப்ப இதுக்கு பதில் சொல்லுங்க. எந்தக் கை? அக்கா என்ன வேலை பாத்தாங்க? வயசு? மாசம் எவ்வளவு வரும்? வலிக்குன்னு தனியா எந்த டாக்டர்கிட்டயாவது காட்டினீங்களா, சீட்டு இருக்கா?

குமாரு_அவிநாசி:
வலது கைங்க. பனியன் கம்பெனில டெய்லரு, ஓவர்லாக் அடிக்கும், பீஸ் ரேட். 34 வயசு, மாசம் 15,000 எடுக்கும். இப்ப போறதில்லைங்க, கொஞ்ச நேரம் மிசின்ல உக்காந்தாவே கை வீங்கி செவந்துருது, அந்த ஒரு கைல மட்டும் வேர்க்குது. ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட தான் போனோம், எக்ஸ்ரே பாத்துட்டு எல்லாம் சரியாயிருக்கு மனசுல தான் பயம்னு மாத்திரை எழுதிக் குடுத்தாரு.

பிசியோ_நித்யா:
நேர்ல பாக்காம முடிவா சொல்லக் கூடாது, ஆனா நீங்க சொல்றதெல்லாம் சிஆர்பிஎஸ் மாதிரியே இருக்கு. முழுப்பேரு காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சின்ட்ரோம், பழைய டாக்டருங்க ஆர்எஸ்டின்னு எழுதுவாங்க. மணிக்கட்டு எலும்பு முறிவுக்கு அப்புறம் சிலருக்கு வர்றது எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான். எலும்பு அழகா கூடியிருக்கும், நரம்போட வலி சிஸ்டம் தான் அடங்காம கத்திட்டே இருக்கும், அதனால எக்ஸ்ரேவ வெச்சு வலி இல்லன்னு சொல்லவே முடியாது. இதுக்குன்னு ஒரே ஒரு டெஸ்ட் கிடையாது. புடாபெஸ்ட் கிரைட்டீரியான்னு ஒண்ணு இருக்கு: தொட்டாலே வலிக்கிறது, ரெண்டு கைக்கும் நிறம் சூடு வித்தியாசம், வீக்கம் வேர்வை, அசைவு குறையறதோ நகம் முடி மாறுறதோ, இந்த நாலு வகையில மூணு இருக்குன்னு பேஷன்ட் சொல்லணும், அதுல குறைஞ்சது ரெண்டு வகையை டாக்டர் தன் கண்ணால பாத்து எழுதணும், வேற எந்த நோயாலயும் இது வரலைன்னும் இருக்கணும். பெயின் கிளினிக் இருக்கற ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. செவந்து வீங்கற நேரத்துல ரெண்டு கையையும் பக்கத்துல வெச்சு தேதியோட போட்டோ எடுங்க.
முத்து அண்ணா, பிளேட் சூட்டைக் கிளப்பும்ங்கறது சரியில்ல, கையைக் கட்டியும் வைக்காதீங்க ப்ளீஸ். அசைக்காம வெச்சா இன்னும் மோசமாகும். இந்த நெலமைல அதே கையில இன்னொரு ஆபரேஷன்ங்கறதும் யோசிச்சு செய்ய வேண்டிய விஷயம்.

மூலிகை_முத்து:
எங்க மாமாவுக்கு சரியாச்சுன்னு தான் சொன்னேன். உங்க மிசின் வைத்தியம் சரியா இருந்தா அந்தப் பொண்ணு ஏன் இன்னும் அழுவுது.

பழைய_கிளெய்ம்ஸ்:
நித்யா சொன்னது தான் கேஸுக்கும் உயிர்நாடி. மெடிக்கல் போர்டுல பெரும்பாலும் பாக்கறது கை எவ்வளவு மடங்குது, பிடி எவ்வளவுங்கறது. வலிக்கு அங்க பெருசா இடமில்ல. எங்க ஆபீஸ் வக்கீலும் அதைத் தான் பிடிச்சுப்பார், எலும்பு கூடிருச்சு, 12 சதவீதம், ஒரு சதவீதத்துக்கு 5,000 வெச்சா 60,000, ஆஸ்பத்திரி பில்லு, வலி வேதனைக்குன்னு கொஞ்சம் சேத்து ஒரு தொகை. உங்களுக்கு 1,75,000 அப்படி வந்திருக்கும்னு நெனைக்கிறேன்.
ஆனா சுப்ரீம் கோர்ட் 2010-லயே ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்குல தெளிவா சொல்லியிருக்கு, உடம்பு ஊன சதவீதம் வேற, அதனால சம்பாத்தியம் எவ்வளவு போச்சுங்கறது வேற, தொழிலைப் பாத்து தான் முடிவு பண்ணணும்னு. ஆபீஸ்ல உக்காந்து கையெழுத்துப் போடறவருக்கு 12 சதவீதம்னா பெருசா ஒண்ணும் ஆகாது. ஓவர்லாக் டெய்லருக்கு வலது மணிக்கட்டு தான் பொழப்பே. இப்ப ஒரு பேச்சுக்கு சம்பாத்திய இழப்பு 30 சதவீதம்னு ஏத்துக்கிட்டாங்கன்னு வைங்க. வருஷம் 1,80,000, எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேத்தா 2,52,000, 34 வயசுக்கு மல்டிப்ளையர் (வயசை வெச்சு வருஷ வருமானத்தைப் பெருக்கற எண்) 16, ஆக 40,32,000, அதுல 30 சதவீதம் 12,09,600. இது கிடைச்சே தீரும்னு நான் சொல்லல, பீஸ் ரேட்டுக்கு சம்பளச் சீட்டு இல்லன்னா வருமானத்தையே ஜட்ஜ் கொறச்சுப் போடுவார், சில பேர் 15 சதவீதம் தான் ஏத்துப்பாங்க, கேஸும் இழுக்கும். ஆனா 1,75,000-க்கும் இதுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. சிகிச்சை பாக்கற பெயின் டாக்டரைக் கோர்ட்டுக்கு சாட்சியா கூப்பிடணும், அது இல்லாம வெறும் சீட்டை மட்டும் நீட்டினா குறுக்கு விசாரணைல கிழிச்சுடுவாங்க.

செக்‌ஷன்_சாமி:
மனுவுல கேட்ட தொகை எவ்வளவுன்னு கேட்டீங்களா யாராவது? 3 லட்சம்னு போட்டிருந்தா 12 லட்சம் எப்படி வரும்?

பழைய_கிளெய்ம்ஸ்:
வரும். நாகப்பா எதிர் குருதயாள் சிங், 2002, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. நியாயமான இழப்பீடுன்னு பட்டா மனுவுல கேட்டதுக்கு மேலயும் குடுக்கலாம். படிச்சுப் பாருங்க.

செக்‌ஷன்_சாமி:
படிச்சிருக்கேன். பொதுவா சொன்னேன்.

கோயம்புத்தூர்_ரங்கன்:
வக்கீல் ஏன் அவசரப்படறாருங்க? ஃபீஸு எத்தன பர்சென்ட் பேசியிருக்காரு?

குமாரு_அவிநாசி:
25 பர்சென்ட்டுங்க. வழக்கமா அப்படித் தானுங்களே.

செக்‌ஷன்_சாமி:
சட்ட விரோதம். வழக்குல வர்ற தொகைல பங்குன்னு ஃபீஸ் பேசக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. எழுதி வாங்கி புகார் குடுங்க.

மதுரைக்காரன்82:
விதி இருக்குண்ணே, யாரு இல்லன்னா. கையொடிஞ்சு வேலை போனவங்க கிட்ட முன்பணம் 30,000 குடுன்னா எங்க போவாய்ங்க? இந்த பர்சென்ட் இல்லன்னா பாதிப் பேரு கோர்ட்டு வாசலையே மிதிச்சிருக்க மாட்டாய்ங்க. எங்க அப்பா கேஸை ஒரு மனுஷன் ஏழு வருஷம் கைக்காசு போட்டு நடத்துனாரு.

கோயம்புத்தூர்_ரங்கன்:
நடத்தினவரு எடுத்துக்கட்டும். லோக் அதாலத்துல ஒரு சனிக்கிழமைல முடிச்சுட்டு 25 எடுக்கறது எந்த நியாயம்?

மதுரைக்காரன்82:
எல்லா வக்கீலும் அப்படியா? நீங்க எத்தன பேரைப் பாத்தீங்க?

பிசியோ_நித்யா:
ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்க, அந்தத் தம்பிக்கு சனிக்கிழமை கெடு. குமாரு, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல கேளுங்க, இன்னொருத்தர் கருத்தாவது கிடைக்கும்.

பழைய_கிளெய்ம்ஸ்:
ஆமா. இன்னொண்ணு, அக்காவுக்கு கம்பெனில இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிச்சாங்களா? விபத்து வேலைக்குப் போற வழில நடந்துச்சா? அப்படின்னா அங்கயும் கேக்க வேண்டியது இருக்கு. பதில் போடுங்க.

கோயம்புத்தூர்_ரங்கன்:
தம்பி என்னாச்சுங்க?

பழைய_கிளெய்ம்ஸ்:
சனிக்கிழமை முடிஞ்சுது. வழக்கம் போல ஆளைக் காணோம்.

குமாரு_அவிநாசி:
சாரிங்க, போன் அக்கா பையன்கிட்ட மாட்டிக்கிச்சு. கையெழுத்துப் போடலை. 2,25,000 வரைக்கும் ஏத்துனாங்க, அக்காவே வேண்டாம்னுடுச்சு. பெயின் டாக்டரு நித்யா அக்கா சொன்ன பேரைத் தான் எழுதினாரு, ஊசி ஒண்ணு போடோணும்ங்கறாரு. வக்கீலு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காரு ஆனா டாக்டரை சாட்சிக்கு கூப்பிட மனு போடறேன்னுட்டாரு. நன்றிங்க எல்லாத்துக்கும்.

பழைய_கிளெய்ம்ஸ்:
இஎஸ்ஐ?

தென்காசி_செல்வி:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், எங்க வீட்டுக்காரருக்கும் கால்ல இதே எரிச்சல் தான், ஆனா அடிச்ச வண்டி எதுன்னே தெரியல, நிக்காம போயிட்டான். நாங்க யாருகிட்ட கேக்கறது?

செக்‌ஷன்_சாமி:
இடிச்சுட்டு ஓடின வண்டின்னா தனித் திட்டம், கொடுங்காயத்துக்கு 50,000. கோட்டாட்சியர் இல்லன்னா தாசில்தார் ஆபீஸ்ல விசாரிங்க. எஃப்ஐஆர் இருக்கா? தேதி என்ன? தனி இழை போடுங்கம்மா, எல்லா விவரத்தோடயும்.