நிபந்தனைக் கூற்றின் மெய் அட்டவணை: முன்கூறு பொய்யானால் முழுக்கூற்று எப்படி மெய்யாகும்?

கேள்வி: தொடக்கநிலை மாணவி

தனிநிலைக் கணிதத்தை நானாகவே படித்து வருகிறேன். மெய், பொய் என்ற இரண்டு மதிப்புகளில் சரியாக ஒன்றைப் பெறும் வாக்கியமே கூற்று என்பதும், ‘கதவைச் சாத்து’, ‘மணி என்ன?’ போன்றவை கூற்றுகள் ஆகா என்பதும் புரிந்தன. ‘மற்றும்’, ‘அல்லது’, ‘அன்று’ ஆகிய மூன்றுக்கும் மெய் அட்டவணையை நூலைப் பாராமலே எழுதிவிடுகிறேன். ‘எனில்’ என்ற இணைப்பியில்தான் தடுமாறுகிறேன். ‘ப எனில் க’ என்ற நிபந்தனைக் கூற்றில் (ப → க) ப முன்கூறு, க பின்கூறு. அதன் அட்டவணை இது:

ப | க | ப → க
மெய் | மெய் | மெய்
மெய் | பொய் | பொய்
பொய் | மெய் | மெய்
பொய் | பொய் | மெய்

முதல் இரண்டு வரிசைகளில் சிக்கல் இல்லை. கடைசி இரண்டின்படி ‘7 இரட்டை எண் எனில் 10 இரட்டை எண்’ என்பதும் மெய், ‘7 இரட்டை எண் எனில் 10 ஒற்றை எண்’ என்பதும் மெய். 7 இரட்டை எண்ணே அன்று என்றபிறகு எதைச் சொன்னாலும் மெய்யாகிவிடுவது ஏமாற்று வேலையாகத் தோன்றுகிறது. அந்த இரண்டு வரிசைகளுக்கும் மதிப்பே இல்லை என்று விட்டுவிட்டால் என்ன? மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை ஏற்கெனவே செய்துவிட்டேன்.

பதில்: கணித ஆசிரியர்

உங்கள் ஐயம் நியாயமானதே. முதலில் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவதாக ஒரு மதிப்பைச் சேர்த்துக்கொள்ளும் அளவையியல்களும் உண்டு. போலந்து அளவையியலாளர் வூகாசியேவிச் 1920இல் அப்படி ஒன்றை அமைத்தார். ஆனால் நீங்கள் படிப்பது இருமதிப்பு அளவையியல். அதில் உறுப்புக் கூற்றுகளின் மதிப்புகள் தெரிந்தால் கூட்டுக் கூற்றின் மதிப்பும் தெரிந்தாக வேண்டும் என்பதே அடிப்படை உடன்பாடு. எனவே அந்த இரண்டு கட்டங்களையும் காலியாக விட முடியாது. எதை நிரப்புவது என்பதே கேள்வி.

நீங்கள் ஐயமின்றி ஏற்கும் ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: ‘ஓர் எண் 4ஆல் வகுபடும் எனில் அது இரட்டை எண்.’ எல்லா முழு எண்களுக்கும் இது மெய் என்பதில் உங்களுக்கு மறுப்பு இராது. அப்படியானால் எந்த எண்ணை எடுத்து வைத்தாலும் இது மெய்யாகவே இருந்தாக வேண்டும் அல்லவா? 8ஐ வையுங்கள்: முன்கூறும் மெய், பின்கூறும் மெய். 6ஐ வையுங்கள்: முன்கூறு பொய், பின்கூறு மெய். 7ஐ வையுங்கள்: இரண்டும் பொய். உங்களை உறுத்தும் இரண்டு வரிசைகளும் 6, 7 என்ற எண்களாக வந்து நிற்கின்றன. அவற்றுக்குப் பொய் என்று எழுதினால், 6 என்ற எண்ணைக் காட்டியே அந்தப் பொதுவிதியைத் தகர்த்துவிடலாம். அப்படித் தகர்ப்பதை யாரும் ஏற்கமாட்டார்கள். விதியை முறிக்க வேண்டுமானால் 4ஆல் வகுபட்டும் ஒற்றையாக இருக்கும் ஓர் எண்ணைக் கொண்டுவர வேண்டும். அட்டவணையில் பொய் என்று இருக்கும் ஒரே வரிசை அதுதான்.

இன்னொரு வழியிலும் இதைச் சரிபார்க்கலாம். எனக்கு இதுவே அதிகம் பிடித்தது. முதல் இரண்டு வரிசைகளை அப்படியே வைத்துக்கொண்டு கடைசி இரண்டை நிரப்ப நான்கே வழிகள் உள்ளன. பொய், பொய் என்று நிரப்பினால் கிடைப்பது ‘ப மற்றும் க’. பொய், மெய் என்றால் இருநிபந்தனைக் கூற்று, அதாவது இரண்டும் ஒரே மதிப்புடையவை என்பது. மெய், பொய் என்றால் வெறும் ‘க’. ப அங்கே இருந்தும் பயனில்லை. எஞ்சுவது மெய், மெய் மட்டுமே. மற்ற மூன்று இடங்களிலும் வேறு ஆட்கள் குடியிருப்பதால் ‘எனில்’ குடியேற வேறு இடம் இல்லை.

பதில்: மொழியியல் படிப்பவர்

ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன்; ஆனாலும் மாணவியின் உறுத்தல் முழுவதும் தவறன்று. நாம் அன்றாடம் ‘மழை பெய்தால் தரை நனையும்’ என்னும்போது காரணத் தொடர்பு ஒன்றையும் சேர்த்தே சொல்கிறோம். அட்டவணை அந்தத் தொடர்பைப் பார்ப்பதில்லை, மதிப்புகளை மட்டுமே பார்க்கிறது. கி.மு. 300ஐ ஒட்டிய காலத்திலேயே கிரேக்கத்தில் இதைப் பற்றிப் பெரும் வாதம் நடந்தது. முன்கூறு மெய்யாகவும் பின்கூறு பொய்யாகவும் இல்லாவிட்டால் போதும் என்றார் மெய்யியலாளர் ஃபைலோ. அப்படி இருப்பது எக்காலத்திலும் இயலாததாக இருக்க வேண்டும் என்றார் அவருடைய ஆசிரியர் டயோடோரஸ். கூரை மேல் அமர்ந்த காகங்கள்கூட எந்த நிபந்தனைக் கூற்று சரி என்று கரைகின்றன என்று கவிஞர் கலிமாக்கஸ் கேலி செய்யும் அளவுக்கு அது பரவியிருந்தது. இன்றைய அட்டவணையில் இருப்பது மாணவர் ஃபைலோவின் கருத்து.

தமிழில் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உள்ளன. ‘-ஆல்’ என்பதோடு ‘தான்’ ஒட்டினால் அம்புக்குறி திரும்பிவிடும். ‘சீட்டு இருந்தால் உள்ளே விடுவார்கள்’ என்பதில் சீட்டு முன்கூறு. ‘சீட்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்’ என்பதிலோ, உள்ளே விட்டார்கள் எனில் சீட்டு இருந்தது என்றே பொருள். சீட்டு இருந்தும் இடமில்லை என்று திருப்பி அனுப்பினால் இந்த வாக்கியம் பொய்யாகாது. அடுத்து, ‘அவர் ஏழை, ஆனால் நேர்மையானவர்’ என்பதில் உள்ள ‘ஆனால்’ அட்டவணைக்கு ‘மற்றும்’ மட்டுமே; பேசுபவரின் வியப்பு கணக்கில் வராது. ‘அல்லது’ என்பதும் இரண்டும் சேர்ந்து மெய்யாவதை விலக்குவதில்லை.

மாணவி

6, 7 என்ற எண்களைக் கண்டதும் தெளிவு வந்துவிட்டது. ‘தான்’ பற்றி நான் எண்ணியே பார்த்ததில்லை. இப்போது ‘ப எனில் க’ என்பதன் மறுப்பு ‘ப எனில் க அன்று’ என்று எழுதினேன்; சரியா? மூன்று கூற்றுகள் வந்தால் வரிசைகளை விடுபடாமல் எழுத ஏதேனும் முறை உண்டா?

பதில்: நிரலாளர்

மறுப்பு தவறு. ப பொய்யாக இருக்கும் வரிசைகளில் நீங்கள் எழுதியதும் மெய், மூலக்கூற்றும் மெய். ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து மெய்யாக முடியாது. மூலக்கூற்று பொய்யாகும் ஒரே வரிசையில் மட்டும் மறுப்பு மெய்யாக வேண்டும்; அது ‘ப மற்றும் க அன்று’. மழை பெய்தது, தரை நனையவில்லை என்பதே சரியான மறுப்பு.

வரிசைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு கூற்றுக்கும் இருமடங்காகும்: இரண்டுக்கு 4, மூன்றுக்கு 8. கடைசி நிரலில் மெய், பொய் என ஒன்றுவிட்டு ஒன்றும், அதற்கு முந்தையதில் இரண்டிரண்டாகவும், முதல் நிரலில் நான்கு நான்காகவும் எழுதினால் எதுவும் விடுபடாது. எல்லா வரிசையிலும் மெய்யானால் அது மெய்ம்மம், எல்லாவற்றிலும் பொய்யானால் முரண்பாடு. கணிதவியலாளர் எமில் போஸ்ட், மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன் ஆகிய இருவரும் 1921இல் தனித்தனியே வெளியிட்ட படைப்புகளால் இம்முறை பரவியது. இதில் சிந்திக்க எதுவுமில்லை, பொறுமை மட்டும் போதும் என்பதே இதன் சிறப்பு. அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. 20 கூற்றுகள் என்றால் 10,48,576 வரிசைகள். எந்தக் கூட்டுக் கூற்றுக்கும் ஏதேனும் ஒரு வரிசையிலாவது மெய் வருமா என்பதை விரைவாகக் கண்டறியும் பொதுவழி உண்டா என்பது கணினியியலில் இன்றும் விடை தெரியாத கேள்வி.

கணித ஆசிரியர்

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட புதிரைத் தமிழ் எழுத்துகளுக்கு மாற்றியிருக்கிறேன். நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு புறம் எழுத்து, மறுபுறம் எண். உங்களுக்குத் தெரிவன: ஆ, ம, 4, 7. ‘ஒரு புறம் உயிரெழுத்து எனில் மறுபுறம் இரட்டை எண்’ என்ற விதி மெய்யா என்று அறிய எந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்ப வேண்டும்?

மாணவி

ஆ, 4.

கணித ஆசிரியர்

பெரும்பாலோர் சொல்லும் விடை அதுவே. 4இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் முதல் வரிசை, வேறு எழுத்து இருந்தால் மூன்றாம் வரிசை. இரண்டிலும் விதி மெய்யாகவே இருக்கிறது. அட்டவணையில் பொய் என்றுள்ள வரிசையைத் தேடுங்கள்.

மாணவி

உயிரெழுத்தும் ஒற்றை எண்ணும் சேரும் அட்டை. அப்படியானால் 4ஐத் திருப்பிப் பயனில்லை. ஆ, 7 என்ற இரண்டையும்தான் திருப்ப வேண்டும்.